ஆறு மாத ஸ்கேனில் ஒன்று தவறியபோது: கோபி விவசாயி ஒருவரின் கல்லீரல் புற்றுநோய் நிகழ்வு ஆய்வு

கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் கரும்பும் போடும் விவசாயி அவர். எங்கள் கல்லீரல் நோய்ப் பிரிவுக்கு முதலில் வந்தபோது வயது 58. சர்க்கரை நோய் வந்து 14 வருடம். எடை 86 கிலோ, அதில் வயிற்றுச் சதைதான் அதிகம். குடிப்பழக்கம் கிடையாது. அதை அவர் ஒவ்வொரு முறை வரும்போதும் தானாகவே எடுத்துச் சொல்வார். இதை எழுத அவரும் வீட்டாரும் சம்மதித்திருக்கிறார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

டெங்கு என்று நினைத்தது

2021 நவம்பரில் மழைக்காலக் காய்ச்சலோடு உள்ளூர் மருத்துவமனையில் சேர்ந்தார். ரத்தத் தட்டணுக்கள் 92,000. டெங்கு சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. நிலவேம்புக் கசாயம், பப்பாளி இலைச்சாறு எல்லாம் வீட்டில் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது. நம் ஊரில் பெரும்பாலான கதைகள் இங்கேயே முடிந்துவிடும். ஆனால் அந்த மருத்துவமனையின் இளம் டாக்டர் ஒரு நல்ல காரியம் செய்தார். மூன்று மாதம் கழித்து வேறொரு விஷயத்துக்கு வந்தவரிடம் தட்டணு எண்ணிக்கையைத் திரும்பப் பார்க்கச் சொன்னார். அப்போதும் 1,12,000தான். காய்ச்சலால் குறைந்தது என்றால் இதற்குள் ஏறியிருக்க வேண்டும்.

தட்டணு ஏறாமலே இருந்தால் மண்ணீரலையும் கல்லீரலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கல்லீரல் தழும்பேறி இறுகும்போது குடலிலிருந்து அதற்குள் போகும் போர்ட்டல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் மண்ணீரல் வீங்கி, தட்டணுக்களைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஏஎஸ்டி 62, ஏஎல்டி 48 என்று கல்லீரல் நொதிகள் லேசாகத்தான் கூடியிருந்தன. தனியாகப் பார்த்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் வயது, இரண்டு நொதிகள், தட்டணு எண்ணிக்கை ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் ஃபிப்-4 மதிப்பெண் 4.6 வந்தது. 1.3க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேலே என்றால் கட்டாயம் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும். இந்தக் கணக்குக்குத் தனியாக ஒரு பைசா செலவில்லை. சர்க்கரை நோயாளிகள் எல்லோர் கையிலும் அதற்கான ரத்த அறிக்கை ஏற்கெனவே இருக்கிறது. போடுவதற்குத்தான் ஆள் இல்லை.

ஃபைப்ரோஸ்கேனில் கல்லீரலின் விறைப்பு 21 கிலோபாஸ்கல். அல்ட்ராசவுண்டில் கல்லீரல் கரடுமுரடாக, மண்ணீரல் 14.5 செ.மீ. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் அடியில் சிறிய ரத்தக்குழாய்ப் புடைப்புகள். ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் இரண்டும் இல்லை. கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவுகளில் பிலிருபின் 1.1, ஆல்புமின் 3.6, ஐஎன்ஆர் 1.2, வயிற்றில் நீர் இல்லை. ஆக, சர்க்கரையும் உடல் பருமனும் சேர்ந்து உண்டாக்கிய கொழுப்புக் கல்லீரல், யாருக்கும் தெரியாமல் சிரோசிஸ் என்கிற கல்லீரல் சுருக்கமாக முற்றியிருந்தது. கல்லீரல் வேலை மட்டும் இன்னும் கெடவில்லை. சைல்டு-பக் அளவில் ஏ, அதாவது மிக நல்ல வகுப்பு.

கொழுப்புக் கல்லீரலால் சிரோசிஸ் வந்தவருக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு வருடத்துக்குச் சுமார் 1 முதல் 2 சதவீதம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அது வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். வந்த பிறகும் ஆரம்பத்தில் வலிக்காது, மஞ்சள் காமாலை வராது, பசி குறையாது. இவை தெரியும்போது பெரும்பாலும் குணப்படுத்தும் கட்டம் தாண்டியிருக்கும். அதனால்தான் உடம்பு சொல்லட்டும் என்று காத்திராமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும், ரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் அளவும் பார்க்கச் சொல்கிறோம். இனி அதை ஏஎஃப்பி என்றே எழுதுகிறேன்.

ஆறு மாதம் என்பதற்கும் காரணம் உண்டு. இந்தப் புற்றுநோயின் கன அளவு இரட்டிப்பாகச் சராசரியாக 4 முதல் 6 மாதம் ஆகிறது. ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். 1 செ.மீ. கட்டி 2 செ.மீ. ஆக வேண்டுமானால் கன அளவு எட்டு மடங்காக வேண்டும், அதாவது மூன்று இரட்டிப்புகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் 3 செ.மீ.க்குள் பிடித்துவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் இன்னும் நல்லதா என்று பிரான்சில் ஒரு பெரிய ஆய்வு செய்து 2011இல் வெளியிட்டார்கள். சந்தேகத்துக்குரிய சின்னப் புள்ளிகள்தான் கூடுதலாகக் கிடைத்தன, சிறிய புற்றுக்கட்டிகள் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

மூன்று ஸ்கேன்கள், அப்புறம் ஒரு கல்யாணம்

2022 பிப்ரவரியில் முதல் ஸ்கேன். கட்டி இல்லை, ஏஎஃப்பி 4. ஆகஸ்டில் இரண்டாவது. கட்டி இல்லை, ஏஎஃப்பி 5. ரத்தக்குழாய்ப் புடைப்புக்காகக் கார்வெடிலால் தொடங்கினோம், சர்க்கரை மருந்தை மாற்றினோம், எடை 81 கிலோவுக்கு இறங்கியது. வீட்டுக்காரம்மா வெள்ளைச் சோற்றைக் குறைத்து, களத்தில் குடிக்கும் டீயிலும் சர்க்கரையை நிறுத்தியிருந்தார். சர்க்கரை போடாத காபி தாராளமாகக் குடிக்கலாம் என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சி எனக்கு நினைவிருக்கிறது. காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பும் புற்றும் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

2023 பிப்ரவரி மஞ்சள் அறுவடை நேரம். வெட்டி, வேக வைத்து, காய வைத்து, ஈரோட்டுக்கு ஏற்றும் வரை தோட்டத்தை விட்டு நகர முடியாது. அதனால் ஸ்கேனைப் பக்கத்து ஊர் மையம் ஒன்றில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அறிக்கை இரண்டே வரி: கல்லீரல் கரடுமுரடாக உள்ளது, கட்டி எதுவும் இல்லை. ஏஎஃப்பி 6. கல்லீரலில் எவ்வளவு பாகம் கண்ணுக்குத் தெரிந்தது என்று அதில் ஒரு சொல் இல்லை. மையத்துக்குப் போன் செய்து கேட்டோம். எல்லாம் நார்மல் என்றார்கள். அடுத்ததை எங்களிடமே வந்து எடுக்கும்படி அவரிடம் சொல்லி, ஆகஸ்ட் தேதி கொடுத்தோம்.

ஆகஸ்டில் அவர் வரவில்லை.

ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். வேலை அதிகம் என்பது ஒரு பக்கம் உண்மைதான். உண்மையான காரணத்தை அவர் பின்னால்தான் சொன்னார். "ஈரல் கெட்டுப்போச்சுன்னு சம்பந்தி வீட்டு காதுல விழுந்தா, குடிகாரன்னு தானுங்க நெனப்பாங்க. புள்ளை வாழப்போற எடமுங்க." எங்கள் புறநோயாளிப் பிரிவில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். கல்யாணம் முடிந்த பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை. உடம்பும் நன்றாகவே இருந்தது. நன்றாக இருக்கும் உடம்புக்கு எதற்கு ஸ்கேன் என்று தோன்றுவதும் இயல்பு.

குடிக்காதவருக்கும் கல்லீரல் சுருங்கும் என்பது கொங்குப் பகுதியில் இன்னும் பரவலாகத் தெரியவில்லை. சர்க்கரை, பருமன், ஹெபடைடிஸ் பி, சி, இன்னும் சில பரம்பரைக் காரணங்கள் என வழிகள் பல இருந்தாலும், ஊர் கேட்பது ஒரே கேள்விதான். மருத்துவமனைக்கு வராமல் இருப்பதற்கு மறதியைவிட இந்த வெட்கம் பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்களிடம் வந்துகொண்டிருந்து பாதியில் நின்றுபோன பலரை வீட்டில் போய்க் கேட்டபோதும் இதே பதில்தான் வேறு வேறு வார்த்தைகளில் வந்தது.

கல்யாண வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் மஞ்சள் சத்து மாத்திரை டப்பா ஒன்றைக் கொடுத்திருக்கிறார், ஈரலுக்கு நல்லது என்று. மஞ்சள் விளைவிக்கிறவருக்கே மஞ்சள் மாத்திரை! குழம்பில் போடும் மஞ்சளால் யாருக்கும் கேடில்லை. ஆனால் மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற சத்தைச் செறிவாக்கி, உடம்பு அதிகம் உறிஞ்சட்டும் என்று மிளகுச் சத்தும் சேர்த்து விற்கும் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஏற்கெனவே சுருங்கிய கல்லீரலோடு அந்த விளையாட்டு வேண்டாம். நல்லவேளை, அவர் ஒரு வாரத்திலேயே நிறுத்தியிருந்தார்.

திரும்ப வந்த விதம்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து அவருக்குச் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் தன்னார்வலப் பெண் அதே ஊர்க்காரர், முறைக்கு மருமகள். 2024 பொங்கலுக்கு முந்தைய வாரம் மாத்திரை கொடுத்துவிட்டு, சர்க்கரை நோட்டைப் புரட்டியிருக்கிறார். அதன் கடைசிப் பக்கத்தில் நாங்கள் எழுதிய ஸ்கேன் தேதி அவர் கண்ணில் பட்டது. "ஏனுங்க மாமா, இந்தத் தேதி ஆடியிலயே போயிருச்சுங்களே, நீங்க போவலீங்களா?" என்று கேட்டிருக்கிறார். மாமா மழுப்பப் பார்த்திருக்கிறார். அந்தப் பெண் விடாமல் மகனுக்குப் போன் செய்து, பொங்கல் முடிந்த கையோடு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார். அவருடைய வேலைப் பட்டியலில் கல்லீரல் ஸ்கேன் இல்லை. ஆனாலும் கேட்டார்.

2024 ஜனவரியில் வந்தபோது முந்தைய ஸ்கேன் முடிந்து 11 மாதம் ஆகியிருந்தது. ஏஎஃப்பி 17. பொதுவாக 20க்கு மேல் போனால்தான் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்வோம். ஆனால் 4, 5, 6 என்று இருந்தது திடீரென்று 17 ஆவது, எல்லைக்குள் இருந்தாலும், வேறு செய்தி. அல்ட்ராசவுண்டில் எங்கள் கதிரியக்க மருத்துவர் கட்டி எதையும் பார்க்கவில்லை. அதே சமயம் தெரிந்த அளவு 'சி' என்று அறிக்கையில் எழுதினார். கல்லீரல் எவ்வளவு நன்றாகத் தெரிந்தது என்பதை ஏ, பி, சி என்று மூன்று தரமாகக் குறிப்பார்கள். சி என்றால் பெரிய பாகம் மறைந்திருக்கிறது. அவருக்குக் கல்லீரலின் மேல்பாகம், உதரவிதானத்தை ஒட்டிய குவிந்த பகுதி, தெரியவே இல்லை. விலா எலும்பும் நுரையீரல் காற்றும் குறுக்கே நிற்க, கொழுப்பு ஒலி அலையை விழுங்கிவிடுகிறது. தாழ்வாரத்தில் நின்றுகொண்டு அட்டத்தின், அதாவது பரணின், கடைசி மூலையைப் பார்க்க முயல்வது போலத்தான் அது.

முந்தைய மையத்தின் 'கட்டி எதுவும் இல்லை' என்ற வரியை இப்போது திரும்பப் படித்தால் வயிறு கலங்குகிறது. பதினோரு மாதத்துக்கு முன்பு உடம்பு இன்னும் பருமனாக இருந்தவருக்கு அந்த மேல்பாகம் தெரிந்திருக்க வழியே இல்லை. தெரியவில்லை என்று எழுதியிருந்தால் அன்றைக்கே வேறு சோதனைக்குப் போயிருப்போம். சிரோசிஸ் உள்ளவர்களில் ஆரம்பக் கட்டியைக் கண்டுபிடிக்கும் திறன் அல்ட்ராசவுண்டுக்குத் தனியாக 50 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு, ஏஎஃப்பியையும் சேர்த்தால் 60 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும் என்று 2018இல் வந்த தொகுப்பாய்வு காட்டுகிறது. இப்படி ஒரு கருவியை நம்பி வேலை செய்யும்போது, பார்க்க முடியாததைப் பார்க்க முடியவில்லை என்று எழுதுவதுதான் நோயாளிக்குச் செய்யும் முதல் நியாயம்.

சிடி, அதன் பிறகு

சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூன்று கட்ட சிடி ஸ்கேன் எடுத்தோம். ஆரோக்கியமான கல்லீரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் போர்ட்டல் குழாய் வழியாக வருகிறது, கால் பங்கு தமனி வழியாக. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தையே குடித்து வளர்கிறது. அதனால் சாய மருந்து ஏற்றிய முதல் அரை நிமிடத்தில், தமனிக் கட்டத்தில், கட்டி சுற்றுப்புறத்தைவிடப் பிரகாசமாகத் தெரியும். பிறகு சுற்றியுள்ள கல்லீரல் சாயத்தை வாங்கிக்கொள்ள, கட்டி சாயத்தை இழந்து மங்கிப்போகும். இந்த இரண்டும் சிரோசிஸ் உள்ளவரின் 2 செ.மீ.க்குக் குறையாத கட்டியில் சேர்ந்து இருந்தால் ஊசி போட்டுச் சதை எடுக்காமலே புற்றுநோய் என்று உறுதி செய்துவிடலாம். இவருக்குக் கல்லீரலின் எட்டாவது பிரிவில், உதரவிதானத்தின் அடியிலேயே, 2.4 செ.மீ.யில் ஒரே கட்டி. இரண்டு அடையாளமும் தெளிவாக இருந்தன. கல்லீரல் கட்டிகளைத் தரம் பிரிக்கும் லை-ராட்ஸ் அளவில் 5, அதாவது புற்றுநோய் உறுதி.

மகனிடம் முதலில் சொல்ல வேண்டாம், தன்னிடம் நேராகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிங்க, எடுத்துப் போடற அளவுலதான இருக்குதுங்க?" என்றார். ஆமாம் என்று சொல்ல முடிந்தது. இந்த வேலையில் அப்படிச் சொல்ல முடிகிற நாட்கள் அதிகமில்லை.

வழிகள் மூன்று இருந்தன. அறுவை சிகிச்சையில் எடுக்கலாம்; ஆனால் போர்ட்டல் அழுத்தம் உள்ளவருக்கு அறுவைக்குப் பின் கல்லீரல் தளர்ந்துபோகும் ஆபத்து கூடுதல். கல்லீரல் மாற்றலாம், ஒரே கட்டி 5 செ.மீ.க்குள், அல்லது மூன்று கட்டி ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் என்று 1996இல் வகுத்த மிலான் அளவுகோலுக்குள் அவர் நன்றாகவே வருகிறார். கல்லீரல் வேலை இவ்வளவு நன்றாக இருக்கும்போது உடனே மாற்றத் தேவையில்லை, ஆனால் அந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மூன்றாவது, ஊசி வழியாகக் கட்டியை வெப்பத்தால் பொசுக்குவது. 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளுக்கு இது குணப்படுத்தும் சிகிச்சையாகவே ஏற்கப்பட்டது. உதரவிதானத்தை ஒட்டி இருந்ததால் இடையில் திரவம் செலுத்தி விலக்கிவிட்டு, சிடி வழிகாட்டலில் மைக்ரோவேவ் ஊசி வைத்தார்கள். இரண்டு நாள் லேசான காய்ச்சல், வலது தோளில் வலி. உதரவிதானம் உரசப்பட்டால் வலி தோளில்தான் தெரியும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் மஞ்சள் விற்ற பணத்தில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து எடுத்த சிடியில் கட்டி இருந்த இடம் முழுக்கக் கருகியிருந்தது. ஏஎஃப்பி 5க்கு இறங்கியது. இதற்குப் பிறகுதான் கண்காணிப்பு இன்னும் கடுமையாகிறது. இப்படி அழித்த பிறகும் ஐந்து வருடத்தில் பெரும்பாலோருக்கு மறுபடி வருகிறது. பழைய கட்டி திரும்புவதும் உண்டு. சுருங்கிய கல்லீரலில் புதிதாக இன்னொன்று முளைப்பதும் உண்டு. எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிடி அல்லது எம்ஆர்ஐ. 2025 மே மாதம் ஐந்தாவது பிரிவில் 1.4 செ.மீ.யில் புதிதாக ஒன்று தென்பட்டது. அதையும் பொசுக்கியாயிற்று. மாற்றுக் கல்லீரலுக்கான மதிப்பீட்டை இந்த முறை தள்ளிப்போடாமல் தொடங்கிவிட்டோம்.

இன்னொருவர்

அதே 2024இல் பல்லடம் பக்கமிருந்து 46 வயது விசைத்தறிக்காரர் ஒருவர் வந்தார். முப்பது வயதில் ரத்ததான முகாமில் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்திருக்கிறது. கிருமி சும்மா இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று யாரோ சொன்னதைப் பதினாறு வருடம் நம்பியிருந்தார். வரும்போது 9 செ.மீ. கட்டி, போர்ட்டல் குழாய்க்குள்ளேயே புற்று புகுந்திருந்தது, ஏஎஃப்பி பல ஆயிரம். நோய் எதிர்ப்பு சிகிச்சையால் அவருக்குச் சில மாதங்கள்தான் தர முடிந்தது.

ஹெபடைடிஸ் பி தனி ரகம். சிரோசிஸ் வராமலே நேராகப் புற்றை உண்டாக்கும். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ள ஆசிய ஆண்களுக்கு 40 வயதிலிருந்தும், பெண்களுக்கு 50 வயதிலிருந்தும், குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் புற்று வந்திருந்தால் அதற்கு முன்பிருந்தே, ஆறு மாத ஸ்கேன் தேவை. பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சு இந்தக் கிருமியோடு சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகிறது. கடலை காய வைக்கும் ஊர்க்காரர்கள் நாம், கசந்த பருப்பைத் துப்பிவிடுவதோடு நிற்காமல் பூஞ்சை பிடித்த மூட்டையையே ஒதுக்க வேண்டும். 2018 முதல் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் கிருமியை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

கண்காணிப்பால் உயிர் பிழைக்கிறார்களா என்பதற்கு ஷாங்காயில் நடந்த ஆய்வு இன்றும் முக்கியமான சான்று. 2004இல் வெளியானது, பெரும்பாலும் ஹெபடைடிஸ் பி உள்ள சுமார் 18,800 பேர். ஆறு மாத ஸ்கேனுக்கும் ஏஎஃப்பிக்கும் அழைக்கப்பட்ட குழுவில் கல்லீரல் புற்றால் இறந்தவர்கள் 37 சதவீதம் குறைவு. அதில் சோதனை அட்டவணையை நிறைவேற்றியது 60 சதவீதத்துக்கும் கீழ்தான். அப்படியிருந்தும் இவ்வளவு பலன். வராதவர்களையும் வர வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நினைப்பேன்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஏஎஃப்பி பார்க்க ஓட வேண்டாம். கொழுப்புக் கல்லீரல் மட்டும் இருந்து தழும்பு இல்லாதவருக்கு இந்தக் கண்காணிப்பு தேவையில்லை. முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் ஏஎஃப்பியைச் சேர்த்து விற்பதை நான் ஏற்கவில்லை. கர்ப்ப காலத்தில் அது கூடும், சாதாரணக் கல்லீரல் அழற்சியிலும் கூடும். தேவையில்லாத சிடியும் தூங்காத இரவுகளும்தான் மிச்சம். கல்லீரல் வேலை மிகவும் கெட்டு சைல்டு-பக் சி நிலைக்குப் போய், மாற்று சிகிச்சைக்கும் வழியில்லாதவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு அலைய வைப்பதும் சரியல்ல. யாருக்கு வேண்டும் என்பதை முதலில் ஃபிப்-4, பிறகு ஃபைப்ரோஸ்கேன் என்று படிப்படியாக முடிவு செய்ய வேண்டும்.

இதன் பிறகு மாற்றியவை

சிரோசிஸ் உள்ள ஒவ்வொருவருக்கும் அடுத்த ஸ்கேன் தேதியை இப்போது சர்க்கரை நோட்டின் முதல் பக்கத்தில், மாத்திரை அளவுக்குப் பக்கத்திலேயே எழுதுகிறோம். நோயாளியின் எண்ணோடு வீட்டில் இன்னொருவர் எண்ணையும் வாங்குகிறோம், அது யாராக இருக்க வேண்டும் என்பதை நோயாளியே சொல்வார். தேதி தாண்டி இரண்டு வாரம் ஆனால் செவிலியர் அழைப்பார். எங்களுக்கு ஸ்கேன் எடுத்துத் தரும் மையங்களிடம் ஏ, பி, சி தரம் இல்லாத அறிக்கையை வாங்குவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். சி வந்தால் அடுத்த முறை சிடியோ சுருக்கமான எம்ஆர்ஐயோ. புறநோயாளிப் பிரிவின் பெயர்ப் பலகையையும் பேசி மாற்றினோம். கல்லீரல் நோய் என்று தனியாக நின்றதை எடுத்து, வயிறு, குடல், கல்லீரல் என்று ஒன்றாக எழுதியிருக்கிறது. சின்ன விஷயம்தான். ஆனால் உள்ளே நுழையத் தயங்குகிறவருக்கு அது சின்னதில்லை.

வீட்டாரையும் சோதித்தோம். சிரோசிஸ் அளவுக்குப் போன கொழுப்புக் கல்லீரல் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் தழும்பு இருக்கும் வாய்ப்பு கூடுதல். மகனுக்கு, வயது 34, கொழுப்பு மட்டும் இருக்கிறது, ஃபிப்-4 0.8. அவருக்கு ஸ்கேன் வேண்டாம், எடையைக் குறைத்தால் போதும். தம்பிக்கு 55 வயது, சர்க்கரை உண்டு, வாரம் இரண்டு மூன்று முறை குடிக்கிறார். ஃபிப்-4 1.9, ஃபைப்ரோஸ்கேன் 13. நடுவில் நிற்கும் எண்கள் இவை. குடித்துக்கொண்டிருக்கும்போது அழற்சியால் அளவு கூடித் தெரியவும் வாய்ப்புண்டு. அதனால் குடியை நிறுத்தி மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கப்போகிறோம். 10க்குக் கீழே இறங்கினால் வருடாந்திர ரத்தப் பரிசோதனை போதும், 15ஐத் தாண்டினால் அன்றைக்கே ஆறு மாத அட்டவணையில் சேர்த்துவிடுவோம். தம்பி ஒத்துக்கொண்டிருக்கிறார்.